ராக்கெட்டுக்கு நெருப்பு வைப்பது யார்?

திருவாலங்காடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை மூன்று. ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை, காரைக்கால் அம்மையார், 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள். நான்காவதாக ஒன்றை நான் சேர்த்துக் கொள்வேன். எங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியில் நின்றே பார்க்கலாம். ஒரு ஒளிப்புள்ளி எழும்பி, கடல் பக்கம் சாய்ந்து, பின்னால் வெள்ளைக் கோடு ஒன்றை விட்டுவிட்டுப் போகும்.

தீபாவளி ராக்கெட்டைக் காலி பாட்டிலில் நிறுத்தி ஊதுபத்தியால் பற்ற வைக்கிறோம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை யார் பற்ற வைக்கிறார்கள்? ஊதுபத்தியோடு ஒருவர் பக்கத்தில் போக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எப்படி?

இதற்குப் பதில் தேடப் போனால் அது ஒரு பெரிய வரலாறாக விரிகிறது. அந்த வரலாறு முழுவதையும் ஒரு சோப்பு டப்பா அளவுள்ள பெட்டிக்குள் பார்க்கலாம். மாதிரி ராக்கெட் விடுபவர்கள் கையில் வைத்திருக்கும் பெட்டி அது. லாஞ்ச் கன்ட்ரோலர் என்பார்கள். தமிழில் ஏவுபெட்டி என்று வைத்துக் கொள்வோம். ஒரு பேட்டரி, ஒரு சாவி, ஒரு சிறு விளக்கு, ஒரு பொத்தான், நீளமான ஒயர். அவ்வளவுதான். ஆனால் இதில் ஒவ்வொன்றும் எங்கோ யாரோ பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

கையில் திரியோடு

முதலில் நம் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். 1780 செப்டம்பர். குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லியின் தலைமையில் ஆங்கிலேயப் படை ஒன்று காஞ்சிபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் அதை மறித்துத் தாக்கினார். திருவாலங்காட்டுக்காரர்களுக்குப் பேரம்பாக்கம் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் அந்தப் படை அடியோடு தோற்றது. ஆங்கிலேயர் ஏடுகளில் இது பொள்ளிலூர்ப் போர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான் போரின் திருப்புமுனை. அது ராக்கெட் பட்டு வெடித்ததா, பீரங்கிக் குண்டு பட்டு வெடித்ததா என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு.

மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழாய். காகிதக் குழாயை விட அதிக அழுத்தத்தை அது தாங்கும். அதனால் இரண்டு கிலோமீட்டர் தூரம் வரை கூட அவை பறந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பற்ற வைக்கும் முறை மட்டும் தீபாவளி முறைதான். கையில் கனன்றுகொண்டிருக்கும் திரியோடு வீரன் அருகில் போய் வைக்க வேண்டும். குழாயில் ஒரு விரிசல் இருந்தால் முதலில் போவது எதிரி அல்ல, பற்ற வைத்தவன்தான்.

கையில் நெருப்பை ஏந்தி ஆடுவது எங்கள் ஊர்க் கூத்தனுக்குச் சரி. மனிதர்களுக்குச் சரிப்படாது!

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். உலோகம், அளவு, தூரம் எல்லாம் மாறின. பற்ற வைப்பவன் நிற்கும் இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

கழியின் நுனியில் நெருப்பு

1926 மார்ச் 16. அமெரிக்காவில் ஆபர்ன் என்ற ஊரில் ஒரு பண்ணை. ராபர்ட் கோடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டார். அது இரண்டரை விநாடி பறந்தது. சுமார் 12 மீட்டர் உயரம் போய், 56 மீட்டர் தள்ளி விழுந்தது. நவீன ராக்கெட் யுகமே அங்கேதான் தொடங்குகிறது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன.

பாடப் புத்தகத்தில் வராத ஒரு செய்தி உண்டு. அந்த ராக்கெட்டைப் பற்ற வைத்தவர் ஹென்றி சாக்ஸ் என்ற உதவியாளர். எப்படித் தெரியுமா? நீளமான கழியின் நுனியில் ஊதுவிளக்கைக் கட்டி, அதை நீட்டி! புதிய யுகத்தின் முதல் ராக்கெட்டும் ஒருவிதத்தில் ஊதுபத்தி ராக்கெட்தான். ஆனாலும் ஒரு அடி முன்னேற்றம் இருக்கிறது. மனிதனுக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு கழி வந்துவிட்டது. அடுத்து அந்தக் கழியின் இடத்தை மின்கம்பி பிடித்தது. கம்பியை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் இழுக்கலாம் அல்லவா?

ஏவுபெட்டியின் முதல் பாடம் இதுதான்: தூரம்.

செருப்புக் கடைக்காரரும் பாதுகாப்புப் பொறியாளரும்

1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் பள்ளிப் பையன்களுக்கெல்லாம் ராக்கெட் பைத்தியம் பிடித்தது. வீட்டுக் கொல்லையிலும் நிலவறையிலும் கிடைத்த ரசாயனங்களைக் கலந்து, கிடைத்த இரும்புக் குழாயில் அடைத்துப் பற்ற வைத்தார்கள். விரல்கள் போயின, கண்கள் போயின, உயிர்களும் போயின.

இதை மாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். வாணம் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. தன் சகோதரரின் மாதிரி விமானங்களோடு தன் வாண அறிவைச் சேர்த்து, 1954இல் காகிதக் குழாயும் பாராசூட்டும் கொண்ட ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். இன்னொருவர் ஹாரி ஸ்டைன். ஒயிட் சாண்ட்ஸ் ராணுவ ஏவுதளத்தில் பாதுகாப்புப் பொறியாளர். பையன்களுக்கு நேரும் விபத்துகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுக் கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பி வைத்தார். மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு அங்கே பிறந்தது.

ஸ்டைன் 'விடாதே' என்று சொல்லவில்லை. சொன்னால் பையன்கள் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பெரிய ஏவுதளத்தின் ஒழுங்கைச் சிறுவர்களின் மைதானத்துக்குக் கொண்டு வந்தார். மருந்தை நீயே கலக்காதே, தொழிற்சாலையில் செய்த மோட்டாரை மட்டும் பயன்படுத்து. உலோகக் குழாய் வேண்டாம், காகிதமும் பால்சா கட்டையும் போதும். முக்கியமாக, திரியில் நெருப்பு வைக்காதே, மின்சாரத்தால் தூரத்திலிருந்து பற்ற வை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மோட்டாரின் வாய்க்குள் செருகும் பற்றவைப்பானை இக்னைட்டர் என்பார்கள். அடிப்படையில் அது தலைமுடி போன்ற ஒரு மெல்லிய கம்பி. பெரும்பாலும் நிக்ரோம். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் அதே உலோகம்தான். ஓரிரு ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தால் பழுக்கக் காய்ந்து மருந்தைப் பற்ற வைத்துவிடும். கம்பியின் இரு முனைகளிலும் முதலைக் கிளிப்பைக் கடித்து வைத்து, அங்கிருந்து ஒயரை இழுத்து வருகிறோம். சிறிய மோட்டார் என்றால் குறைந்தது 5 மீட்டர், பெரியது என்றால் 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

9 மீட்டர் என்றால் போக 9, வர 9, ஆக மொத்தம் 18 மீட்டர் செம்பு ஒயர். அரை சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் அதன் மின்தடை மட்டும் சுமார் 0.6 ஓம். இக்னைட்டரின் மின்தடையே ஏறக்குறைய ஒரு ஓம்தான். பேட்டரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும்! எனவே ஒயர் பற்றவில்லை என்றால் ராக்கெட்டின் அருகே நகரக் கூடாது. தடிமனான ஒயர் அல்லது வலுவான பேட்டரிதான் வழி.

அடுத்தது விளக்கு. சாவியைப் போட்டதும் பேட்டரியிலிருந்து விளக்கு வழியாக, ஒயர் வழியாக, இக்னைட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் ஓடித் திரும்பும். விளக்கு எரிந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் எங்கோ கிளிப் கழன்றிருக்கிறது. அருகில் போகாமலேயே ராக்கெட்டை நலம் விசாரிக்கும் வழி இது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த விளக்கு அதிக மின்சாரம் இழுப்பதாக இருந்தால், நலம் விசாரிக்கப் போய் ராக்கெட்டையே கிளப்பிவிடும். அதனால் எல்.ஈ.டி. விளக்கோடு ஒரு மின்தடையையும் சேர்ப்பார்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 470 ஓம் போட்டால் ஓடுவது சுமார் 20 மில்லி ஆம்பியர் மட்டுமே. பற்ற வைக்கத் தேவையானதில் ஐம்பதில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான்.

பொத்தான், விளக்குக்கு இணையாக இருக்கும். அழுத்தினால் மின்சாரம் விளக்கைச் சுற்றிக்கொண்டு முழு வேகத்தில் இக்னைட்டருக்குப் போகும். இது காலிங் பெல் பொத்தான் மாதிரி விரலை எடுத்ததும் தானாகத் திரும்பிவிட வேண்டும். வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி போட்டது போட்டபடி நிற்கக் கூடாது. காரணம் எளிது. மறந்துபோய் 'போட்ட' நிலையில் விட்ட சுவிட்ச், அடுத்த ராக்கெட்டுக்குக் கிளிப் மாட்டும் ஆளின் முகத்தில் நெருப்பை வைக்கும்.

சாவி எதற்கு?

பொத்தானே தானாகத் திரும்பிவிடுகிறதே, தனியாகச் சாவி எதற்கு என்று தோன்றலாம். அதற்கான பதிலைப் பிரேசில் நாடு பெரிய விலை கொடுத்துக் காட்டியது.

2003 ஆகஸ்ட் 22. அல்கான்டாரா ஏவுதளம். வி.எல்.எஸ்.-1 ராக்கெட்டை ஏவுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தொழில்நுட்பப் பணியாளர்கள் அதைச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் பொத்தானை அழுத்தவில்லை. முதல் கட்டத்தின் நான்கு திட எரிபொருள் மோட்டார்களில் ஒன்று திடீரென்று பற்றிக்கொண்டது. 21 பேர் இறந்தார்கள். பற்றவைப்பு அமைப்புக்குள் எப்படியோ புகுந்த மின்சாரம் அல்லது நிலைமின் பாய்ச்சல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது.

ஆள் பக்கத்தில் இருக்கும்போது 'யாரும் அழுத்த மாட்டார்கள்' என்ற நம்பிக்கை போதாது, மின்சாரம் போகவே வழியில்லாதபடி சுற்று அறுபட்டிருக்க வேண்டும் என்பதுதான் பாடம். சாவி அதைத்தான் செய்கிறது. அது பொத்தானோடு தொடராக இணைந்தது. சாவி இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ராக்கெட்டின் அருகே போகிறவரே சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வரும் வரை உலகத்தில் வேறு யாராலும் அதை ஏவ முடியாது. பற்ற வைக்கும் அதிகாரம், அதிகம் ஆபத்தில் இருப்பவரின் பையில்! கிளிப் இரண்டையும் மாட்டுவதற்கு முன் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் இதற்காகத்தான். தப்பிய மின்சாரம் இருந்தால் அங்கேயே பொறி தட்டிக் காட்டிக் கொடுத்துவிடும்.

பற்றவில்லை என்றால்?

நமுத்துப் போன பட்டாசுக்கிட்டே போகாதே என்று நம் வீடுகளில் சொல்லாத பெரியவர்கள் இல்லை. தீபாவளிக் காயங்களில் பலவும் அப்படிக் குனிந்து பார்க்கப் போய் வந்தவைதான். ஏவுபெட்டி விதியும் அதையே சொல்கிறது. பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையா? சாவியை எடு. 60 விநாடி காத்திரு. பிறகு போ.

இந்த விதியை நாசாவே ஒருமுறை பின்பற்ற வேண்டி வந்தது. 1960 நவம்பர் 21 அன்று மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1 என்ற ஆளில்லா ராக்கெட்டை ஏவினார்கள். இன்ஜின் பற்றியது. ராக்கெட் சுமார் 10 சென்டிமீட்டர் எழும்பியது. உடனே இன்ஜின் அணைந்து, அது மீண்டும் தன் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டது! அடியில் செருகியிருந்த இரண்டு மின் இணைப்புகள் தவறான வரிசையில் கழன்றதுதான் காரணம். உச்சியிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்தது. பாராசூட் வெளியே வந்து பக்கவாட்டில் தொங்கியது.

பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் நிலைமை விபரீதம். எரிபொருள் நிரம்பிய ராக்கெட், எந்தப் பிடிமானமும் இல்லாமல், உயிருள்ள பேட்டரியோடு நிற்கிறது. காற்று பாராசூட்டை விரித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாம் என்று கூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் எடுத்த முடிவு, எதுவும் செய்யாமல் காத்திருப்பது. பேட்டரி தீர்ந்து, திரவ ஆக்சிஜன் ஆவியாகி வெளியேறிய பிறகு, மறுநாள் காலையில்தான் ஆட்கள் அருகே போனார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தான்.

தும்பாவிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு

சரியாக மூன்று ஆண்டு கழித்து, அதே நவம்பர் 21, 1963. கேரளத்தின் தும்பா. இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி. ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் அப்துல் கலாமின் பொறுப்பு. அவர் அப்போதுதான் நாசாவில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். வாலப்ஸ் தளத்தின் வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை போரிடும் ஓவியம் ஒன்று மாட்டியிருந்ததைத் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். புள்ளலூர்ப் பக்கம் பறந்த வாணம் அமெரிக்கா சுற்றித் தும்பாவுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

முதல் ஏவுதலுக்கு முன் ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தது. ஆட்கள் கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். இன்னொரு சமயம், சோடியமும் தெர்மைட்டும் கலந்த மருந்தை நிரப்பியபோது, சுதாகர் என்ற சக ஊழியரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சோடியத்தில் விழுந்து அறையே வெடித்தது. கண்ணாடி ஜன்னலை வெறுங்கையால் உடைத்துக் கலாமை வெளியே தள்ளிக் காப்பாற்றினார் சுதாகர். தூரத்தின் அருமையை இந்திய விண்வெளித் துறை இப்படித்தான் கற்றது.

1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட்டோடு ஸ்ரீஹரிகோட்டா இயங்கத் தொடங்கியது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3. ஏவுவதற்குச் சற்று முன் கணினி 'நிறுத்து' என்றது. கலாமே பிற்காலத்தில் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நிபுணர்களைக் கேட்டார், சமாளிக்கலாம் என்றார்கள், கணினியைத் தாண்டி ஏவச் சொன்னார். முதல் கட்டம் நன்றாகப் போனது. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது. பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 வெற்றி பெற்றபோது பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பி வைத்தார். 2002இல் ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

அந்த 'நிறுத்து'க்கு மதிப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2001 காட்டியது. மார்ச் 28 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்ப வேண்டும். இந்த ராக்கெட்டில் ஒரு நுட்பம் உண்டு. பக்கவாட்டிலுள்ள நான்கு திரவ இன்ஜின்களை முதலில் பற்ற வைத்து, அவை சரியாக எரிகின்றனவா என்று 4.8 விநாடி பார்த்த பிறகுதான் நடுவிலுள்ள பெரிய திட மோட்டாரைப் பற்ற வைப்பார்கள். ஏனென்றால் திரவ இன்ஜினை அணைக்க முடியும். திட மோட்டாரை அணைக்கவே முடியாது. அன்று நான்கில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. கிளம்ப ஒரு விநாடியே இருந்தபோது கணினி எல்லாவற்றையும் அணைத்தது. ராக்கெட் பத்திரமாக நின்றது. பழுது பார்த்து ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட்டை ஏவினார்கள்.

2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட் கிளம்ப 5 விநாடி இருக்கும்போது நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அன்று காலை 10 மணிக்கே ஏவி வெற்றியும் கண்டார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு

மாதிரி ராக்கெட்டின் மோட்டாரும் திட எரிபொருள்தான். பற்றிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. 'வேண்டாம்' என்று சொல்வதெல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். பற்ற வைக்க ஒரு தீக்குச்சி போதும். பற்றாமல் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு பெரிய ஏற்பாடு.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள் தீக்குச்சி மருந்தைச் சுரண்டுவது, பட்டாசைப் பிரித்து மருந்தெடுப்பது பக்கமே போக வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அதை விட முக்கியம், கையும் கண்ணும் திரும்ப முளைக்காது. ஆனால் ஏவுபெட்டியை மட்டும் தாராளமாகச் செய்யலாம். இக்னைட்டர் இருக்கும் இடத்தில் ஒரு டார்ச் பல்பை மாட்டிக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் பொத்தானை அழுத்தினால் பல்பு எரியக் கூடாது. சாவியைப் போட்டால் எல்.ஈ.டி. மட்டும் எரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பல்பு எரிய வேண்டும். விரலை எடுத்ததும் அணைய வேண்டும். இந்த நான்கும் சரியாக வந்தால் இஸ்ரோ பின்பற்றும் அதே தத்துவம் உங்கள் சோப்பு டப்பாவுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்த முறை டி.வி.யில் கவுன்ட் டவுன் பாதியில் நின்றால் 'அடச்சே' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ராக்கெட்டுக்கு நெருப்பு வைப்பது ஒரு கம்பிதான். இப்போது வைக்காதே என்று யாரோ ஒருவர் அதற்குச் சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறார்.